நிலநடுக்கச் சுமை: நேரடி கேஸா, கழித்துக் கூட்டும் கேஸா?

பைப்பிங் ஸ்ட்ரெஸ் கணக்கிடும் சீசர் 2 மென்பொருளில் நிலநடுக்கச் சுமைக்கு லோடு கேஸ் (எந்தெந்தச் சுமை சேர்ந்து வருகிறது என்ற கணக்கு) போட இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. நேரடி வழியில் எடை, அழுத்தம், யூ1 (நிலநடுக்க விசை) மூன்றையும் ஒரே கேஸில் சேர்த்து ஆக்கேஷனல் (எப்போதாவது வரும் சுமை) என்று குறித்தால் முடிந்தது. இன்னொரு வழியில் எடை, அழுத்தத்தோடு வெப்பமும் சேர்ந்த ஆப்பரேட்டிங் கேஸை யூ1 சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் ஓட்ட வேண்டும். இரண்டின் வித்தியாசம்தான் நிலநடுக்கத்தின் தனிப் பங்கு. அதை எடையும் அழுத்தமும் மட்டுமுள்ள சஸ்டெயின்டு கேஸோடு ஸ்கேலராக (ஸ்ட்ரெஸ் அளவுகளை நேராக) கூட்டி ஸ்ட்ரெஸ் பார்க்க வேண்டும். சூடான லைன் எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் போடுகிறேன்.

அனுமதி அளவில் பேதமில்லை. பி31.3 பைப்பிங் கோடு படி இரண்டுக்கும் எஸ்எச்-இன் (சூடான நிலையில் அனுமதிக்கும் ஸ்ட்ரெஸ்) 1.33 மடங்குதான். நான்கு திசைக்கு நேரடி வழியில் 4 கேஸ், மற்றதில் 12. அது பெரிய சுமையல்ல, ஒருமுறை டெம்ப்ளேட் செய்து வைத்தால் போதும்.

முடிவைத் தீர்மானிப்பது சப்போர்ட்டின் நிலை. பம்ப் டிஸ்சார்ஜ் லைன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார்பன் ஸ்டீல், 300 டிகிரி செல்சியஸ், ரேக் (பைப்களைத் தாங்கும் சட்டகம்) வரை 6 மீட்டர் நிமிர்ந்து ஏறுகிறது. சூடேறினால் அந்த ஏற்றம் சுமார் 20 மி.மீ. நீளும். ரேக்கின் முதல் ரெஸ்ட்டிலிருந்து (பைப் உட்காரும் சப்போர்ட்) பைப் எழும்பிவிடும். நேரடி கேஸில் வெப்பமே இல்லை. அங்கே பைப் ரெஸ்ட்டில் உட்கார்ந்திருக்கும், 0.3 உராய்வும் அதைப் பிடித்துக்கொள்ளும். நிஜத்தில் பிளான்ட் ஓடும்போது அந்தப் பிடி கிடையாது. பக்கவாட்டு உதறலில் பெரும்பங்கு பைப் இணையும் பம்ப் நாசிலுக்குப் போகும். பக்கவாட்டு நகர்வைத் தடுக்கும் கைடும் அப்படியே: 3 மி.மீ. கேப்பில் (இடைவெளி) ஒரு பக்கம் வெப்பத்தால் ஏற்கெனவே மூடியிருக்கும். அதனால் பிளஸ் திசை விடை ஒன்று, மைனஸ் திசை விடை வேறொன்று. நேரடி கேஸ் இரு பக்கமும் கேப் திறந்திருப்பதாகவே கணக்கிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. நாசில் லோடும் சிவில் டீமுக்குத் தரும் சப்போர்ட் லோடும் யூ1 சேர்ந்த ஆப்பரேட்டிங் கேஸிலிருந்தே கிடைத்துவிடும். ஸ்கேலர் கூட்டலிலிருந்து அவற்றை எடுக்கக் கூடாது. அது ஸ்ட்ரெஸுக்கு மட்டும்.

உராய்வு அதிகமுள்ள லைனில் கழித்து வரும் எண் சில நேரம் விசித்திரமாக இருக்கும். அப்போது உராய்வைப் பூஜ்யமாக்கி இன்னொரு முறை ஓட்டி, பெரிய விடையை எடுத்துக்கொள்கிறேன். ரிலீஃப் வால்வ் திறக்கும்போது வரும் த்ரஸ்டுக்கும் (உந்துவிசை) இதே முறை எனக்குச் சரியாக வந்திருக்கிறது. வாட்டர் ஹேமரில் (ஓட்டம் திடீரென நின்றால் வரும் அழுத்த அதிர்ச்சி) எனக்குப் பழக்கம் குறைவு, அதில் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கூலிங் வாட்டர் போன்ற குளிர்ந்த லைனில் ரெஸ்ட் எழும்பப் போவதில்லை, கைடு கேப்பும் மூடப் போவதில்லை. அங்கே நேரடி கேஸே போதும்.