சோலார் விளக்குக்கு டிபி4056 சார்ஜர் போர்டு: வாங்கலாம், ஒரு ரெசிஸ்டரை மாற்றினால்

6 வோல்ட், 3 வாட் பேனல், ஒரு 18650 (உருளை வடிவ) லித்தியம் செல், 1 வாட் எல்இடி. இந்தச் சிறு விளக்குக்கு டிபி4056 போர்டைவிட எளிய சார்ஜர் கிடைப்பது அரிது. செல்லை 4.2 வோல்ட்டில் சரியாக நிறுத்துகிறது. செல் அளவுக்கு மீறி வற்றாமல் துண்டிக்கும் பாதுகாப்புச் சிப் உள்ள, ஆறு முனை வகையையே கேட்டு வாங்குங்கள்.

குறை, போர்டு கடையிலிருந்து வரும் நிலையில்தான். சார்ஜ் மின்னோட்டத்தை முடிவு செய்யும், போர்டிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1 ஆம்பியர் கேட்கிறது. பேனலோ உச்சி வெயிலிலேயே அரை ஆம்பியர்தான் தரும். கேட்பது கூடினால் பேனலின் வோல்டேஜ் சரிந்துவிடும். அந்த ரெசிஸ்டருக்குப் பதில் 2.4 கிலோ ஓம் வைத்தால் சுமார் 500 மில்லி ஆம்பியர். மேகமூட்டத்தில் அதுவும் அதிகம். 4 கிலோ ஓம் வைத்து 300-க்கு இறக்குவது நல்லது.

எல்இடியை அவுட் முனையில் 3.3 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் வழியாக இணையுங்கள். பலர் பேட்டரி முனையிலேயே இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாதுகாப்புச் சிப் வேலை செய்யாது, செல் அளவுக்கு மீறி வற்றிக் கெடலாம். அந்தச் சிப்பும் செல் மிகத் தாழ்ந்து 2.4 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகுதான் துண்டிக்கிறது என்பது நமக்கு வருத்தமே.

பேனலுக்குத் தனி டயோடு வேண்டாம், இரவில் மின்சாரம் திரும்பிப் பாய்வதை சார்ஜர் சிப்பே தடுக்கும். 12 வோல்ட் பேனலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், தாங்கும் எல்லை 8 வோல்ட். செல்லைப் பேனலின் முதுகில் ஒட்டவும் கூடாது. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது லித்தியத்துக்கு ஆகாது, இந்தப் போர்டு செல்லின் வெப்பத்தைக் கவனிப்பதுமில்லை.