மஞ்சள் மூங்கிலோடு ஒன்பது ஆண்டுகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்வேலியோரம் மஞ்சள் மூங்கில் வைத்து ஒன்பது ஆண்டாகிறது. மலாய்க்காரர்கள் புலோ காடிங் என்பார்கள். காடிங் என்றால் யானைத் தந்தம். தாவரப் பெயர் பாம்பூசா வல்காரிஸ் விட்டாட்டா. மஞ்சள் தண்டில் பச்சைக் கோடுகள் ஓடும். இரண்டு கணுக்கள் ஒன்றுபோல் இருக்காது.

தெரிந்தவர் தோட்டத்தில் வாங்கிய மூன்று கணுத் துண்டைப் படுக்க வைத்துப் புதைத்தேன், அவ்வளவுதான். குத்தாக வளரும் இனம், வேர் ஓடிப் பரவாது. ஆனாலும் குத்து ஆண்டுதோறும் அகலமாகும். வேலியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நட்டிருக்க வேண்டும். சின்ன முற்றம் உள்ளவர்களை இதை வைக்கச் சொல்ல மாட்டேன்.

முதல் தடவை பாகற்காய்ப் பந்தலுக்குப் பளபளவென்றிருந்த கழிகளாகப் பார்த்து வெட்டினேன். மூன்று மாதத்தில் அடியில் மாவு கொட்டியது, தண்டெல்லாம் ஊசித் துளை. "இளசை வெட்டினா உளுக்காம என்னம்மா செய்யும்?" என்றார் அத்தை. இந்த மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், பூச்சிக்கு அதுதான் தீனி. அழகாக இருக்கும் கழி வேலைக்கு ஆகாது. நிறம் மங்கி, சாம்பல் திட்டு படர்ந்த மூன்று வயதுக் கழிதான் உறுதி. முளை வந்த ஆண்டைப் பெயின்டால் எழுதி வைக்கிறேன். முற்றியதை எடுக்க எடுக்க உள்ளே வெளிச்சம் புகுந்து புதுக் கழிகளின் மஞ்சள் எடுப்பாகத் தெரிகிறது.

பூச்சி அரிக்காமல் இருக்க, வெட்டியதும் நீளக் கம்பியால் கணுத் தடுப்புகளைத் துளைத்து, போராக்ஸும் போரிக் ஆசிட்டும் கரைத்த தண்ணீரில் ஒரு வாரம் ஊறவிடுவேன். அப்படிச் செய்த, துணி காயப்போடும் கழி கூரைக்கடியில் ஐந்தாண்டாக அப்படியே இருக்கிறது. வெயில் மழையில் நட்டால் மருந்து கரைந்துவிடும், மண்ணைத் தொடும் இடம் முதலில் அழுகும்.

பாராங் கத்தியால் வெட்டும்போது கணுவுக்குச் சற்று மேலே, ஒட்டி வெட்டுங்கள். குழாய் போல விட்டால் மழைத் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கி பயமுள்ள நம் ஊரில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முளையின் மட்டையில் கருஞ்சுணை இருக்கும், கையுறை இல்லாமல் தொட்டால் அரிப்புதான். சில சமயம் முழுப் பச்சையாக ஒரு கழி வரும். அதை உடனே எடுத்துவிடுங்கள், விட்டால் குத்தே பச்சையாகிவிடும்.

பக்கத்து வீட்டு மலாய் அக்கா பெருநாளுக்கு லெமாங் சுட, அதாவது மூங்கில் குழாயில் பசையரிசியை வைத்துச் சுட, மூங்கில் கேட்டார். அதற்குச் சுவர் மெல்லிய வேறு மூங்கில் வேண்டும், இது தடித்தது. அதற்குப் பதிலாகத் துணி காயப்போட இரண்டு கழி வெட்டிக் கொடுத்தேன்.

இந்த மழைக்கு ஏழு முளை வந்திருக்கிறது. வேலிப்பக்கம் வந்த இரண்டை எடுத்துவிட்டேன். மற்ற ஐந்தில் இந்த ஆண்டைப் பெயின்டால் எழுத வேண்டும்.