13 எம்எம் பில்லர் ட்ரில்: மெஷின் ஓகே, ஸ்விட்ச்தான் மகா மோசம்

நம்ம பட்டறைல கேட்டு, கிரில்லு, ஷெட்டு வேலைதான் மெயினுங்க. ஹேண்ட் ட்ரில்ல வெச்சே ஓட்டிட்டு இருந்தோம், ஆங்கிள்ல 12 எம்எம் ஓட்டை போடறப்ப பிட்டு மாட்டி மணிக்கட்ட முறுக்கறதெல்லாம் போதும்டா சாமின்னு கோயம்புத்தூர்ல லோக்கல் மேக் பில்லர் ட்ரில் (தூண்ல மாட்டி தரைல நிக்கற ட்ரில் மெஷின்) ஒண்ணு எடுத்தாச்சு. கம்பெனி பேரு வேண்டாம்.

அரை எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டாரு, பெல்ட்டு புல்லி டைப்பு. காஸ்டிங் நல்ல வெயிட்டு, ஸ்பிண்டில்ல (பிட்ட சுத்த வெக்கற தண்டுல) ஆட்டம் இல்ல, ஆழம் செட் பண்ற டெப்த் ஸ்டாப் ஒழுங்கா நிக்குது, ஓட்டை சென்டர் பஞ்ச் வெச்ச எடத்துலயே விழுது. மேல கனம் ஜாஸ்தி, அதனால ஆங்கர் போல்ட்டு போட்டு தரையோட இறுக்காம ஓட்டவே ஓட்டாதீங்க, இதுக்கு போல்ட்டு கூட வரல, தனியாதான் வாங்கணும்.

இப்ப ஸ்விட்சுக்கு வர்றேன். வீட்ல லைட்டுக்கு போடற மாதிரி ஒரு ஆன் ஆஃப் ஸ்விட்ச், அதுவும் தலைக்கு பின்னாடி சைடுல. பிட்டு ஜாப்ல (ஓட்டை போடற இரும்புல) மாட்டி நிக்குது, இல்ல கரண்டு போயிடுச்சுன்னு வைங்க, கை வெச்சு எடுத்துட்டு இருக்கறப்ப கரண்டு வந்தா மெஷின் தானா சுத்த ஆரம்பிச்சிடும். ஒரு டிஓஎல் ஸ்டார்டர் (பச்ச, செகப்பு பட்டன் வெச்ச மோட்டார் ஸ்விட்ச் பெட்டி) போட்டா கரண்டு போனதும் உள்ள இருக்கற காயில் விட்டு மோட்டாருக்கு லைன் கட் ஆயிடும், மறுபடி பச்ச பட்டன அமுக்கினாதான் ஓடும், ஓவர்லோடு ஆச்சுன்னா ட்ரிப்பும் ஆகும். இத கம்பெனியே போட்டுக் குடுத்தா என்ன குறைஞ்சிடும்னு தெரியல. எலக்ட்ரீசியன் செவுத்துல அடிச்சுட்டு போறேன்னு சொல்லுவாரு, விடாதீங்க, செகப்பு பட்டன் நின்ன எடத்துல இருந்தே கைக்கு எட்டணும், மெஷின் முன்னாடியே மாட்டச் சொல்லுங்க. எர்த்து ஒயரும் கண்டிப்பா இருக்கணும்.

ஜாப்ப இறுக்கிப் புடிக்கற மெஷின் வைஸும் கூட வராது. டெமோல பையன் ஜாப்ப கைல புடிச்சுட்டே ஓட்டை போட்டுக் காட்டறான்! பிட்டு அந்தப்பக்கம் வெளிய வர்ற நேரத்துலதான் மாட்டும், தகடா இருந்தா அப்படியே ஏறி ஃபேன் ரெக்க மாதிரி சுத்தும். வைஸ் வாங்கி டேபிளோட போல்ட்டு போட்டுருங்க, தகடுன்னா அடில கட்டை வெச்சு சி கிளாம்ப் போடுங்க. நீளமான பட்டைய நீங்க நிக்கற பக்கத்துல இருந்து பாத்தா பில்லருக்கு எடப்பக்கமா ஒட்டி வைங்க, பிட்டு வலஞ்சுழியா சுத்தறதால ஜாப்பு நழுவினாலும் பில்லர்ல போய் முட்டி நின்னுக்கும். வலப்பக்கம் வெச்சா நேரா உங்க வயித்துக்குத்தான் வரும்.

பெரிய காமெடி என்னன்னா மெஷினோட ஃப்ரீயா ஒரு ஜோடி காட்டன் கிளவுஸ் குடுத்தாங்க. ட்ரில்லுக்கு கிளவுஸ் போடவே கூடாதுங்க, ஒரு நூலு பிட்டுல சிக்கினா கையே உள்ள போயிடும், இழுத்து எடுக்க டைமே இருக்காது. கைல கட்டற சாமி கயிறு, மோதிரம், தொளதொளன்னு முழுக்கை சட்ட, தோள்ல துண்டு எல்லாம் இதே கதைதான். ஃப்ரீயா கண்ணாடி குடுத்திருந்தா பாராட்டி இருப்பேன். சுருள் சுருளா வர்ற பிசிற கைல இழுக்காதீங்க, ஹேண்டில ஒரு நொடி லூஸ் விட்டா அதுவே ஒடஞ்சிடும், மிச்சத்த மெஷின நிறுத்திட்டு பிரஷ்ல தள்ளுங்க.

பிட்ட புடிக்கற சக்க இறுக்கற சாவி, அதான் சக் கீ, அத சக்குலயே விட்டுட்டு ஆன் பண்ணா அது எங்க பறக்கும்னு யாருக்கும் தெரியாது, சிலர் தொலையாம இருக்கணும்னு அத செயின் போட்டு மெஷின்ல கட்டி வெப்பாங்க, அது இன்னும் ஆபத்து. ஸ்பிரிங் வெச்ச கீ கெடைக்குது, கைய எடுத்ததும் தானா வெளிய தள்ளிடும், நான் அதத்தான் போட்டிருக்கேன்.

ஸ்பீடு சார்ட் ஒட்டியிருக்கு ஆனா யாரும் பாக்கறதில்ல. எம்எஸ்ல (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) சாதா எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுக்கு 8000த்த பிட்டோட எம்எம்மால வகுங்க, ஆர்பிஎம் வந்துடும், 10 எம்எம்னா 800, 5 எம்எம்னா 1600. எல்லாத்துக்கும் ஒரே ஸ்பீடுல ஓட்டிட்டு பிட்டு எரியுதுன்னு கடைக்காரர திட்டாதீங்க. ஸ்பீடு மாத்த பெல்ட்ட வேற புல்லிக்கு மாத்தறப்ப பிளக்க பிடுங்கிடுங்க, ஏன்னா இதுல கவர் தெறந்திருந்தாலும் மோட்டார் ஓடும்.

காம்போல 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் ஒண்ணும் தள்ளி விட்டாங்க. அதுல கார்ட (டிஸ்க்குக்கு மேல இருக்கற காப்புத் தகட்ட) கழட்டாதீங்க, மரம் அறுக்கற பல்லு பிளேட போடாதீங்க, டிஸ்க்குல இருக்கற ஆர்பிஎம் மெஷின் ஆர்பிஎம்ம விட கம்மியா இருந்தா திருப்பிக் குடுத்துருங்க.

என் ரேட்டிங் 5க்கு 3. ஸ்டார்டர், வைஸ், ஆங்கர் போல்ட்டு காச சேத்து பட்ஜெட் போடுங்க, வெறும் மெஷின் வெலைய பாத்து சீப்புன்னு முடிவு பண்ணாதீங்க. அப்பறம் 50 எம்எம் ஹோல் சா (வட்டமா அறுக்கற பல்லு வெச்ச கப்பு) போட்டு எம்எஸ் பிளேட்டு வெட்டணும்னு இருக்கறவங்க இத வாங்காதீங்க, அதுக்கு 160 ஆர்பிஎம் கிட்ட வேணும், இதுல கொறஞ்ச ஸ்பீடே அதவிட ரொம்ப ஜாஸ்தி, பெல்ட்டுக்கு பதிலா கியர்ல ஓடற கியர் ஹெட் மெஷினா பாருங்க.