நியூசிலாந்தா, பிரான்சா: ரக்பி வீரரின் ஒப்பந்தக் கணக்கு

ஆல் பிளாக்ஸ் எனும் நியூசிலாந்து தேசிய ரக்பி அணியின் தேர்வுப் பட்டியலை ஒட்டி நிற்கும் வீரர்களுக்கு இந்தக் குழப்பம் வந்தே தீரும்: உள்நாட்டில் இருப்பதா, பிரான்சின் முதல்நிலைக் கிளப் தொடரான டாப் 14-க்குப் போவதா?

சம்பளம்: பிரான்சில் பெரும்பாலும் கூடுதல்.

தேசிய அணி: சிக்கலே இங்குதான். உள்நாட்டு ஒப்பந்தம் இல்லாத வீரரை ஆல் பிளாக்ஸுக்கு எடுப்பதில்லை என்பது நியூசிலாந்தின் நெடுநாள் கொள்கை. 2015 இல் வெளிநாட்டு ஒப்பந்தம் செய்த ஆல் பிளாக்ஸ் வீரர் சார்ல்ஸ் பியூடாவுக்கு அவ்வாண்டின் உலகக் கோப்பை அணியில் இடமில்லை. ஒரு நாட்டுக்கு ஆடியவர் வேறு நாட்டுக்கு ஆட முடியாது என்ற சர்வதேச விதி தளர்ந்த பின், வம்சாவளித் தொடர்பால் 2023 உலகக் கோப்பையில் டோங்காவுக்கு ஆடினார். அப்படி வேறு நாட்டுத் தொடர்பு இல்லாதவருக்கு அந்த வழியும் இல்லை.

உடல்: நியூசிலாந்து அணிகள் ஆடும் சூப்பர் ரக்பி தொடர் சில மாதங்களில் முடிந்துவிடும். டாப் 14 இல் லீக் சுற்று மட்டும் 26 ஆட்டங்கள். ஐரோப்பியக் கோப்பை தனி. முழங்கால்தான் பாவம்.

நடுவழியாகத் தற்காலிக விடுப்பு உண்டு: உள்நாட்டு ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டே சில காலம் வெளிநாட்டில் ஆடலாம். அது நட்சத்திரங்களுக்கு மட்டும். அப்படிப் பிரான்சின் பெர்பினான் கிளப்புக்குப் போன ஆல் பிளாக்ஸ் நட்சத்திரம் டான் கார்ட்டருக்கு 2009 இல் குதிகால் தசைநார் அறுந்தது.

தேசிய அணியிலிருந்து அழைப்பு வரும் என்றால் இருங்கள். முப்பதை நெருங்கியும் வரவில்லையா? பிரான்சுக்கே கையெழுத்திடுங்கள், தயங்க வேண்டாம்.