சேலத்தில் பிளேஸ்டேஷனுக்கு டிவி வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் போட்டிருக்கும் 120-ஐ நம்பிப் பணம் கட்டாதீர்கள்

ஆஃபர் சீசன் வந்தாலே ஐந்து ரோட்டிலிருந்து ஓமலூர் ரோடு வரை கடைக்குக் கடை "4கே 120 ஹெர்ட்ஸ் கேமிங் டிவி" என்று பேனர் கட்டிவிடுகிறார்கள். 4கே என்றால் திரையில் 3840 x 2160 புள்ளிகள், 120 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 120 தடவை படம் மாறுவது. உண்மையாகவே 4கே-வில் 120 ஓடும் டிவியும் அந்தக் கடைகளில் இருக்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்யவே முடியாத டிவிக்கும் அதே 120-ஐப் போட்டு, அதே வார்த்தையைச் சொல்லி விற்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் மனு நிலுவையில் இருப்பதால் கடை பெயரும் டிவி கம்பெனி பெயரும் போடவில்லை.

என் தம்பிக்கு ஏற்காட்டில் ஒரு விடுதியில் வேலை. மாதாமாதம் ஒதுக்கி வைத்து பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் கன்சோல் வாங்கினான். ராத்திரி வேலை முடிந்து வந்தால் ஃபோர்ட்நைட் விளையாட்டுதான், கீழே சேலத்தில் இருக்கும் சிநேகிதர்களோடு. அஸ்தம்பட்டியில் ஒரு சிநேகிதன் வீட்டில் 120 ஃபிரேமில், அதாவது நொடிக்கு 120 படத்தில், ஆடிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. அது வெறும் ஆசை இல்லை. 60 ஃபிரேமில் ஒரு படம் திரையில் 16.7 மில்லி செகண்ட் நிற்கிறது, 120-ல் 8.3. கையில் அழுத்துவதற்கும் கண்ணில் தெரிவதற்கும் நடுவில் உள்ள அந்த இழுவை குறைவது ஆடுகிறவனுக்கு உடனே தெரியும். அதற்காகத்தான் பழைய டிவியைத் தூக்கிவிட்டு 55 அங்குலத்தில் புதுசு வாங்கலாம் என்று கிளம்பினோம்.

கடையில் அவன் கேட்ட கேள்வி தெளிவானது. "பிஎஸ்5-ல் 4கே 120 வேண்டும், எச்டிஎம்ஐ 2.1 இருக்கிறதா?" (கன்சோல் கேபிளை டிவியில் சொருகும் வழிதான் எச்டிஎம்ஐ, 2.1 என்பது 2.0-க்கு அடுத்து வந்த பதிப்பு.) சேல்ஸ்மேன் யோசிக்கவே இல்லை. "கண்ண மூடிட்டு எடுங்க சார், கேமிங்குக்குன்னே வந்த மாடல்" என்றார். பெட்டியில் 120 என்று கொட்டை எழுத்தில் இருந்தது, எச்டிஎம்ஐ 2.1 என்றும் இருந்தது. தம்பி விடாமல் எழுதித் தரச் சொன்னான். கடையின் விசிட்டிங் கார்டு பின்புறத்தில் மாடல் எண்ணோடு "4கே 120 ஹெர்ட்ஸ், பிஎஸ்5 ஓகே" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். டெமோவில் ஒரு கால்பந்து வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. கன்சோலை மாட்டிக் காட்டச் சொன்னதற்கு, கடையில் கன்சோல் வைப்பதில்லை என்றார்கள். அப்புறம் பில் போடும் இடத்தில், "120 வரணும்னா இந்த 8கே கேபிள் இருந்தே ஆகணும்" என்று 2,400 ரூபாய்க்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள்.

டிவி மலை ஏறி வந்தது. மாட்டிவிட்டுப் போன பையன் நல்ல பையன், அவன் மேல் குறை இல்லை. அன்று ராத்திரி விளையாட்டின் செட்டிங்ஸில் 120 ஃபிரேம் மோடைப் போட்டதும் தம்பி, "அண்ணா, எழுத்து ஏன் பிசிறடிக்குது?" என்றான். நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். தூரத்தில் தெரிந்த வீட்டின் கூரை விளிம்பு ஒரே கோடாக இல்லாமல் படிப்படியாக உடைந்து, நடக்க நடக்க மினுங்கியது. மூலையில் இருந்த சின்ன எண்களில் படுக்கைக் கோடுகள் மட்டும் மங்கல். 60-க்கு மாற்றினால் எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவு. 120-க்குப் போனால் மறுபடி மங்கல். டிவி ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்தினோம். 1920 x 1080, 120 ஹெர்ட்ஸ் என்று வந்தது. 4கே-வில் கால்வாசிப் புள்ளிகள்தான் அது.

செட்டிங்கில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகமும் நியாயமானதுதான். நல்ல டிவிகளிலேயே பலவற்றில் எச்டிஎம்ஐ வழியைச் சாதாரண நிலையில் வைத்துத்தான் கம்பெனி அனுப்பும். டிவி மெனுவுக்குள் போய் அந்த வழியை மேம்பட்ட ஃபார்மட்டுக்கு மாற்ற வேண்டும். பல மாடல்களில் இருக்கும் நான்கு வழிகளில் இரண்டில்தான் 4கே 120 வரும். அதில் ஒன்று சவுண்ட்பாருக்கான இஏஆர்சி வழியாகவும் இருக்கும். தம்பி எல்லா வழியிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தான். கன்சோலில் வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால் 2160-க்கு நேராக 60 மட்டும், 1080-க்கு நேராகத்தான் 120. கன்சோல் டிவியிடம் "உன்னால் என்ன முடியும்" என்று கேட்டு, டிவி கொடுக்கும் பதில் அது. அதில் பேரம் இல்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பெட்டியில் வரும் 120 மூன்று வகை. முதலாவது உண்மையான 120: திரையே நொடிக்கு 120 தடவை முழு 4கே படத்தை மாற்றும், எச்டிஎம்ஐ வழியும் அவ்வளவு தகவலை உள்ளே வாங்கும். இரண்டாவது எம்இஎம்சி, மோஷன் ரேட் மாதிரிப் பெயர்களில் வருவது. உள்ளே வரும் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் டிவியே கற்பனையாக ஒன்றை வரைந்து செருகும். கடையில் கால்பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது இதனால்தான். வரைய நேரம் பிடிக்கும் என்பதால் விளையாட்டில் இது தாமதத்தைக் கூட்டும், அதனால் கேம் மோடில் பெரும்பாலான டிவிகள் இதை அணைத்துவிடும். மூன்றாவது டிஎல்ஜி. 60 ஹெர்ட்ஸ் திரையில் இரண்டிரண்டு வரிகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் இயக்கி வேகத்தை இரட்டிப்பாக்குவார்கள். 2160 வரிகள் 1080 ஆகிவிடும். எங்களுக்குத் தள்ளிவிட்டது இதுதான். கூரை விளிம்பு உடைந்ததும் படுக்கைக் கோடு மங்கியதும் அதனால்தான்.

டிஎல்ஜி கெட்ட தொழில்நுட்பம் என்று சொல்ல மாட்டேன். விலை குறைவு, வேகம் மட்டும் போதும் என்பவருக்கு உதவும். அதை அப்படியே சொல்லி விற்றிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

எச்டிஎம்ஐ 2.1 என்ற பெயரும் கைகொடுக்காது. பழைய 2.0-வில் நொடிக்கு 18 ஜிகாபிட் தகவல் வரை போகும், அதில் 4கே 60 தான் முடியும். 2.1-ல் 48 வரை போகலாம். "போகலாம்" என்பதைக் கவனியுங்கள். 2.0 என்ற தனிப் பிரிவையே இப்போது 2.1-க்குள் அடக்கிவிட்டார்கள், 2.1-ன் புது வசதிகள் எல்லாம் விருப்பத்துக்கு விடப்பட்டவை. 4கே 120 இல்லாத வழிக்கும் 2.1 என்று பெயர் போடலாம். எங்கள் டிவியில் அதுதான் நடந்திருக்கிறது.

அடுத்து கடையின் சேவை. போன் செய்தால் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனியைக் கேட்டால் பேனலில் பழுது இல்லை, அதனால் மாற்ற முடியாது என்றார்கள். நேரில் போனபோது மேனேஜர், "120-ன்னு போட்டிருக்கு, 120 வருது. அப்புறம் என்ன சார்?" என்றார். 1080-ல் வருகிறது, நாங்கள் கேட்டதும் நீங்கள் எழுதிக் கொடுத்ததும் 4கே என்று கார்டைக் காட்டியதும் முகம் மாறியது. உடனே, "டிவியை அதே பேக்கிங்கில் கீழே கொண்டுவாங்க, பார்க்கலாம்" என்றார். 55 அங்குலத் திரையை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவந்து, வழியில் ஒரு கீறல் விழுந்தால் அதையும் எங்கள் தலையில் கட்டுவார்கள். விற்கும்போது மலைக்கு இலவச டெலிவரி, புகார் என்றால் மேலே வர ஆள் இல்லை. ஏற்காட்டுக்காரர்கள் எந்தப் பெரிய பொருள் வாங்கினாலும் இதைப் பணம் கட்டுமுன்பே பேசி பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

கேபிள் விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்குள்ளேயே 4கே 120-க்குப் போதுமான எச்டிஎம்ஐ கேபிள் வருகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் பெட்டியிலும் வருகிறது. தனியாக வாங்கியே ஆக வேண்டும் என்றால் "அல்ட்ரா ஹை ஸ்பீடு" என்ற சான்றிதழ் ஸ்டிக்கர் பெட்டியில் இருக்க வேண்டும், அதிலுள்ள குறியீட்டை போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். எங்களுக்கு விற்றதில் தங்க நிறத்தில் "8கே" என்ற எழுத்து மட்டும்தான் இருந்தது.

வாங்கப் போகிறவர்கள் கன்சோலையே பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பணம் கட்டுமுன் மாட்டுங்கள். பிளேஸ்டேஷன் என்றால் செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட், அங்கே இன்ஃபர்மேஷன். 2160-க்கு நேராக 120 இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் டிவி அண்ட் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸுக்குள் 4கே டிவி டீடெய்ல்ஸ் என்று இருக்கும், டிவியால் எது முடியும் எது முடியாது என்று அதுவே காட்டிவிடும். மாட்ட விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். பில்லிலும் வெறும் மாடல் எண் போதாது, "4கே 120 ஹெர்ட்ஸ் இன்புட்" என்று எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, நல்ல டிவி வாங்கினாலும் எல்லா விளையாட்டும் 120-ல் ஓடாது. பல விளையாட்டுகள் இன்றும் 60, சில 30. நீங்கள் ஆடும் விளையாட்டில் அந்த மோடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அதிகப் பணத்தைப் போடுங்கள்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்தோம். அதன் பிறகு கடையே கூப்பிட்டு கேபிள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, இதோடு விட்டுவிடுங்கள் என்ற கோரிக்கையோடு. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. பில், எழுதிக் கொடுத்த கார்டு, கன்சோல் திரையின் படம் எல்லாவற்றையும் இணைத்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இணையத்திலேயே பதியலாம். உங்களுக்கும் இதே மாதிரி சொல்லி விற்றிருந்தால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், கன்சோல் காட்டும் அந்தப் பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.