விழுமியச் சக்கரத்தில் ‘பாதுகாப்பு’: ஒருநாள் செயலமர்வு பற்றிய மதிப்பீடு

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் நெல் கொள்வனவு, களஞ்சியம், கணக்கு ஆகிய பிரிவுகளில் பணிபுரியும் 18 பேருக்காக, வெளியூர்ப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் செயலமர்வைக் கிளிநொச்சியில் ஏற்பாடு செய்திருந்தோம். தனிமனித விழுமியங்கள் பணியிட நடத்தையை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதே பொருள். காலை அமர்வு கொடுத்த காசுக்குத் தகுந்ததாக இருந்தது; பின்னர் அனுப்பப்பட்ட அறிக்கையைப் பற்றி அவ்வாறு சொல்ல மாட்டேன்.

சமூக உளவியலாளர் ஷலோம் ஷுவார்ட்ஸ் 1992 இல் முன்வைத்த கோட்பாடே அடிப்படை. சாதனை, அதிகாரம், பாதுகாப்பு, மரபு, சுயவழிகாட்டல், பிறர்நலம் முதலிய பத்து விழுமியங்கள் அதில் ஒரு வட்டமாக அமைகின்றன. அருகருகே உள்ளவை ஒத்துப்போகும், எதிரெதிரே உள்ளவை இழுபறிப்படும். காலபோக அறுவடை நாளில் அதிக மூட்டை நிறுத்தவராகப் பெயரெடுக்க விரும்பும் ஒருவர், பக்கத்துத் தராசில் திணறும் புதிய பிள்ளைக்கு உதவ எழுந்து போவாரா என்ற கேள்வியிலிருந்து வளவாளர் தொடங்கியதால், சாதனையும் பிறர்நலமும் ஏன் எதிரெதிரே நிற்கின்றன என்பது எவருக்கும் விளங்கிற்று.

வினாக்கொத்தின் தமிழ்தான் இடறியது. 40 சிறு சித்திரிப்புகளை வாசித்து, “இவர் எந்த அளவுக்கு உங்களைப் போன்றவர்?” என்பதற்கு ஆறு படிகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். “சாகசங்களைத் தேடுபவர்” என்ற வரியில் எங்கள் காசாளர் பேனையை வைத்துவிட்டு, “தேடிப் போகாமலே எங்களுக்கு வந்தது காணும்” என்றார். மண்டபமே சிரித்தது, வளவாளருக்கு மட்டும் அது எட்டவில்லை.

எட்டாததன் விளைவு அறிக்கையில் தெரிந்தது. பாதுகாப்புக்கு மிக உயர்ந்த புள்ளி இட்டிருந்த களஞ்சியப் பொறுப்பாளரை அது “முன்முயற்சி குறைந்தவர்” என்று வகைப்படுத்தியிருந்தது. ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டியதென்று சொந்த மச்சானின் நெல்லையே திருப்பி அனுப்பியவர் அவர். செயலமர்விலேயே வளவாளரிடம் தன் காரணத்தைச் சொல்லியுமிருந்தார்: “தம்பி, 2009 இல எதை எதை விட்டிட்டு ஓடினனாங்கள் எண்டு எனக்குத் தெரியும். இனி விதைநெல் மூட்டையில ஒரு சொட்டுத் தண்ணி படவும் விடமாட்டன்.” ஒவ்வொரு மழைக்கும் இரவில் எழுந்து கூரையைப் பார்க்கப் போகிறவரை உந்துவது வேறென்ன?

ஷுவார்ட்ஸே இதற்கு இடம் வைத்திருக்கிறார். பெரும்பாலான விழுமியங்களில் மனிதர் தமக்கு எட்டக்கூடியவற்றுக்கே முக்கியத்துவத்தைக் கூட்டுகின்றனர். பாதுகாப்பும் பொருள்வளமும் இதற்கு மாறாக, கிடைக்காதபோதுதான் கனக்கின்றன. மேலும், எல்லாவற்றுக்கும் தாராளமாகப் புள்ளியிடும் பழக்கம் சிலருக்கு உண்டு என்பதால், ஒருவரின் சொந்தச் சராசரியைக் கழித்த பின்னரே அவருடைய முன்னுரிமைகளைப் பிறருடையவற்றோடு ஒப்பிட வேண்டும். அறிக்கையில் இருந்தவையோ வெறும் கூட்டுத்தொகைகள். கோட்பாட்டை வகுப்பில் இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் அறிக்கையில் அதைக் கைவிட்டது எனக்கு இன்னும் புதிராகவே உள்ளது.

பிற்பகலில் மாதாந்தச் சிறந்த பணியாளர் பரிசு பரிந்துரைக்கப்பட்டது. விருப்பத்தோடு புதிர் அவிழ்த்த மாணவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பின்னர் அதை நிறுத்தியபோது அவர்களின் தன்னார்வம் குறைந்ததை உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971 இலேயே காட்டியிருக்க, அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மதிய உணவு நன்று.

சிறுபோகக் கொள்வனவுக்கு முன் எஞ்சிய பணியாளர்களுக்காக இதே செயலமர்வை மீண்டும் பதிவு செய்யவுள்ளோம். காலை அமர்வு மட்டும் போதும், பெயர் குறிப்பிட்ட அறிக்கை வேண்டாம் என்று இம்முறை எழுத்தில் கேட்டிருக்கிறோம். வினாக்கொத்தின் தமிழைத் திருத்தித் தரக் காசாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.