கார்டு கடனை முடிச்சுத் தர்றோம்னு சொல்லி 50,360 ரூபாயை முழுங்கிட்டாங்க

மணி ராத்திரி பதினொண்ணரை. சாயங்காலம் அந்த ஆபீஸ் வாசல்ல ஒன்றரை மணி நேரம் நின்னுட்டு வந்த ஆத்திரத்துல எழுதுறேன். முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. போன பணம் 50,360 ரூபாய். பேரைப் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்டுக்காரர் பயப்படுறார், அதனால போடல. ‘கிரெடிட் கார்டு கடன் தொல்லையா? பாதி கட்டினா போதும்’னு ரீல்ஸ்ல விளம்பரம் பண்ற கடன் செட்டில்மென்ட் கம்பெனி. மேல கம்பெனி, கீழ டீக்கடை. அவ்வளவுதான் சொல்லுவேன். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி கடனை எப்படி அடைக்கிறதுன்னு நான் கத்துக்கிட்டதையும் கடைசியில எழுதுறேன்.

என் கார்டுல பாக்கி 1,42,000. ஊதாரித்தனமா செலவு பண்ணி வந்ததில்லை. மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சப்ப ஆஸ்பத்திரியில 88,000 தேய்ச்சேன். அப்புறம் பையனோட ஸ்கூல் ஃபீஸ், ஒரு தீபாவளி. மாசாமாசம் மினிமம் டியூ, அதாவது குறைஞ்சபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை, 7,100 கட்டிட்டே இருந்தேன். ஒழுங்காத்தானே கட்டுறோம், ஏன் குறையவே மாட்டேங்குதுன்னு ஒரு நாள் ஸ்டேட்மென்டை வெச்சுக்கிட்டு உக்காந்தேன். மாசத்துக்கு 3.75 சதவீதம் வட்டி, அதுவே 5,325. வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 958. நான் கட்டுற 7,100ல கடன்ல கழியறது எண்ணூத்துச் சொச்சம்தான்! நான் ஒரு கம்பெனியில பில்லிங் பார்க்கிறவ. ஊரான் கணக்கையெல்லாம் பார்த்துட்டு சொந்தக் கணக்கைப் பார்க்க ஒரு வருஷம் ஆயிருக்கு எனக்கு.

அன்னைக்கே பையனோட பழைய ரஃப் நோட்டுல மிச்சமிருந்த பக்கங்களைக் கிழிச்சுத் தைச்சு ஒரு கணக்கு நோட்டு போட்டேன். ஷேர் ஆட்டோவுக்குப் போக வர 60 ரூபாய். அதை விட்டுட்டு அரை மணி முன்னாடியே கிளம்பி பிங்க் பஸ், பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. மாசம் 1,500 மிச்சம். ஆபீஸ் டீ ரெண்டு வேளையும் கட், ஃப்ளாஸ்க்ல எடுத்துட்டுப் போயிடுவேன். ஞாயித்துக்கிழமை போன்ல ஆர்டர் போடுற பிரியாணி நின்னுச்சு. பையன் ரெண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான், அப்புறம் நானே குக்கர்ல பண்ணிக் குடுத்தேன், சரியாயிட்டான். ஆவின் பச்சை பாக்கெட் நீலமாச்சு. துவரம்பருப்பு ரேஷன்ல 30 ரூபாய்க்குக் கிடைக்கும்போது கடையில ஏன் வாங்கணும்? இப்படியெல்லாம் பிடிச்சுப் பிடிச்சு மாசம் கிட்டத்தட்ட 5,000 தேறுச்சு. பழைய 7,100ஓட சேர்த்தா 12,000. அதை அப்படியே கார்டுல கட்டியிருந்தா ஒன்றரை வருஷத்துக்குள்ள கதை முடிஞ்சிருக்கும். இதை இப்பக் கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் வயிறு எரியுது.

ஆனா அந்த ரீல்ஸ் கண்ணுல பட்டுச்சே. போன் பண்ணேன், நேர்ல வாங்கன்னாங்க.

அங்க இருந்த பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். நான் மாடி ஏறி வந்த மூச்சு வாங்கல் அடங்குறதுக்குள்ள தண்ணி கொண்டு வந்து வெச்சா. “சாப்பிட்டீங்களாக்கா?”ன்னு கேட்டா. கடன் வந்ததுலேர்ந்து என்னை அப்படி யாரும் கேட்டதில்லைங்க. போன்ல பேசுறவன் எல்லாம் “எப்ப கட்டுவீங்க”ன்னுதான் கேப்பான். பையிலேர்ந்து என் நோட்டை எடுத்துக் காட்டினேன். பக்கம் பக்கமாப் புரட்டினா. ஒரு இடத்துல ‘கொத்தமல்லி 10, கேட்டா சும்மாவே குடுத்திருப்பான்’னு நான் எனக்கே எழுதி வெச்சிருந்தேன். அதைப் படிச்சுச் சிரிச்சுட்டா. “இப்படிக் கணக்கு எழுதுறவங்க நூத்துல ஒருத்தர்க்கா. உங்களை மாதிரி ஆளுங்களை பேங்க் ஏமாத்துறதைப் பார்த்தா எனக்கே அழுகை வருது.”

அந்த இடத்துலதான் விழுந்தேன். நோட்டைப் படிச்சவ என்னை ஏமாத்த மாட்டான்னு தோணிடுச்சு. இப்ப யோசிச்சா, மாசம் எவ்வளவு பிழியலாம்னு அவ அந்த நோட்டைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கா. சரியா 12,000 சொன்னாளே! 11,000 சொல்லல, 13,000 சொல்லல.

திட்டம் இதுதான்: பதிவுக் கட்டணம் 2,000, ஜிஎஸ்டி 360. மாசம் 12,000 ‘செட்டில்மென்ட் ஃபண்ட்’ல அவங்ககிட்ட கட்டணும். பேங்குக்கு ஒத்த பைசா கட்டக் கூடாது. “நீங்க கட்டிட்டே இருந்தா பேங்க் எதுக்குக்கா இறங்கி வரும்? நிறுத்துங்க, அவனே ஓடி வருவான். எங்க லீகல் டீம் 70,000க்கு முடிச்சிடும்.” அஞ்சு பக்கம் அக்ரிமென்ட். எல்லாம் பொடி எழுத்து. கையெழுத்துப் போட்டேன். யுபிஐல பணம் அனுப்பினேன். நாலு மாசம் அனுப்பினேன். 48,000 அதுல, 2,360 இதுல. 50,360.

ரெண்டாவது மாசமே பேங்குக்காகக் கடன் வசூல் பண்ற ரெகவரி ஆளுங்க போன் ஆரம்பிச்சாச்சு. காலையில எட்டு மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாதுன்னு ஆர்பிஐ விதி இருக்கு. எனக்கு ராத்திரி எட்டரைக்கு வரும், ஒன்பதுக்கு வரும். ஒரு தடவை மாமியார் எடுத்துட்டாங்க. “உங்க மருமக திருட்டுத்தனமா கடன் வாங்கியிருக்கா”ன்னு சொல்லியிருக்கான். தன் ஆபரேஷனுக்கு வாங்கின கடன்னு அவங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியும். அன்னைக்கு ராத்திரி அவங்க சாப்பிடவே இல்ல.

கம்பெனிக்கு போன் போட்டா முதல்ல “அக்கா, லெட்டர் போயிருக்கு, பயப்படாதீங்க.” அடுத்த வாரம் “லீகல் டீம் பார்த்துட்டு இருக்காங்க மேடம்.” அக்கா எப்ப மேடமாச்சுன்னு நான் கவனிச்சிருக்கணும். அப்புறம் “சார் மீட்டிங்ல இருக்கார்.” எந்த சாரும் மீட்டிங்கை விட்டு வெளிய வரவே இல்ல. மெயில் அனுப்பினா ஒரு டிக்கெட் நம்பர் வரும், 24 மணி நேரத்துல தொடர்பு கொள்வோம்னு வரும். என்கிட்ட இப்ப ஆறு டிக்கெட் நம்பர் இருக்கு. வாட்சப்ல நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில நீல டிக்கும் நின்னு ஒத்த டிக் ஆயிடுச்சு.

போன திங்கக்கிழமை பர்மிஷன் போட்டுட்டு பேங்க் கிளைக்கே போனேன். பயந்துக்கிட்டேதான் போனேன். அங்க இருந்த மேனேஜர் சிஸ்டத்தைப் பார்த்துட்டு, “அப்படி எந்தக் கம்பெனிகிட்டேர்ந்தும் உங்க பேர்ல ஒரு மெயில்கூட வரலைம்மா”ன்னார். பாக்கி 1,74,000 சொச்சம். வட்டி, அதுக்கு ஜிஎஸ்டி, நாலு லேட் ஃபீ, அதுக்கும் ஜிஎஸ்டி. அந்த 48,000ஐ கார்டுலயே கட்டியிருந்தா பாக்கி 1,18,000க்குக் கீழ வந்திருக்கும். கடனை ஒழுங்காக் கட்டுறோமான்னு காட்டுற சிபில் ஸ்கோர் பாதாளத்துல. இதுல கொடுமை என்னன்னா, “நீங்க ஆரம்பத்துலயே வந்து கேட்டிருந்தா பாக்கியை இஎம்ஐயா மாத்திக் குடுத்திருப்போமே, வட்டி பாதிக்கும் கீழ வந்திருக்கும்”ங்கிறார். செட்டில்மென்டே வேணும்னாலும் கார்டு வெச்சிருக்கிறவங்களே நேரா எழுதிக் கேக்கலாமாம். அதுக்கு ஃபீஸ் கிடையாது. ஆனா சிபில் ரிப்போர்ட்ல ‘குளோஸ்டு’ன்னு வராது, ‘செட்டில்டு’ன்னுதான் வரும், அடுத்து வீட்டு லோன் கேட்டா அது இடிக்கும். அந்தப் பொண்ணு இதை வாயே திறக்கல.

இன்னைக்கு அந்த ஆபீஸ். அந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டாளாம். புதுசா ஒரு பையன். “யாரு நீங்க?”ன்னான். பேரைச் சொன்னேன், ரசீதைக் காட்டினேன். உள்ள போயிட்டு வந்து, “அது சர்வீஸ் சார்ஜ் மேடம். நான்-ரீஃபண்டபிள், திருப்பித் தர மாட்டோம். மூணாவது பக்கம் பாருங்க”ன்னான். பார்த்தேன். போட்டிருக்கு. ‘செட்டில்மென்ட் ஃபண்ட்’ங்கிற வார்த்தையே அஞ்சு பக்கத்துல எங்கயும் இல்ல, அது அவ வாயில மட்டும்தான் இருந்திருக்கு. மேனேஜரைப் பார்க்கணும்னேன். வெளிய நிக்கச் சொன்னான். நான் நின்னுட்டு இருக்கும்போதே ஒரு வயசானவர் மாடி ஏறி வந்தார், கையில கார்டு ஸ்டேட்மென்ட். உள்ள கூட்டிட்டுப் போய் தண்ணி குடுத்தாங்க. “சாப்பிட்டீங்களாப்பா?” எனக்குக் காதுல கேட்டுச்சு. “ஐயா வேணாங்கய்யா”ன்னு கத்தினேன். கதவைச் சாத்திட்டாங்க.

சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணியிருக்கேன். ஸ்டேஷன்ல “நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா, கன்ஸ்யூமர் கோர்ட் போங்க”ன்னாங்க. ஆர்பிஐ ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம்னு பார்த்தா, அது பேங்க் மாதிரி ஆர்பிஐ கட்டுப்பாட்டுல இருக்கிற இடங்கள் மேல குடுக்கிற புகாருக்குத்தான். இவனுங்க அதுல இல்ல. ரெகவரி ஆளுங்க பேசினதுக்கு மட்டும் பேங்குக்கு எழுதிக் குடுத்திருக்கேன், முப்பது நாள்ல சரியான பதில் வரலேன்னா அதை மட்டும் ஓம்பட்ஸ்மேனுக்குக் கொண்டு போகலாம். நாளைக்கு 1915, நுகர்வோர் ஹெல்ப்லைன்.

கடன் அடைக்கிற வழியெல்லாம் எழுதுறேன்னு சொன்னேன், கை ஓடல. சுருக்கமா: பேங்குக்குக் கட்டுறதை நிறுத்துன்னு எவன் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. மினிமம் டியூவோட நிக்காதீங்க, மிச்சம் பிடிச்ச காசை அன்னைக்கே கார்டுல கட்டுங்க. இஎம்ஐயா மாத்த முடியுமான்னு பேங்க்லயே கேளுங்க, எழுத்துல வாங்குங்க. பொடி எழுத்தைப் படிங்க. உங்க கணக்கு நோட்டை வெளி ஆள் யாருக்கும் காட்டாதீங்க.

என் நோட்டுல இன்னைக்குப் பக்கத்துல ‘பஸ் 0, டீ 0’ன்னு எழுதிட்டு, கீழ 50,360ன்னு எழுதியிருக்கேன். எந்தத் தலைப்புல சேர்க்கிறதுன்னு தெரியல. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு மறுபடி அங்க போறேன். மாடி, கீழ டீக்கடை, தண்ணி, “சாப்பிட்டீங்களா”. இதைப் படிக்கும்போது யாருக்காவது அந்த இடம் புரிஞ்சு, நீங்களும் பணம் கட்டியிருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. சேர்ந்தே போவோம். ரசீதை மறக்காம எடுத்துட்டு வாங்க.